வைபர்ல வந்த போட்டோவ வச்சு மலர் அடிக்க முடியாது

கோயில் மலர் (விழாவுக்குப் போடற புத்தகம்), பள்ளிக்கூட ஆண்டுவிழா புத்தகம், கல்யாணப் பத்திரிகை, காரியக் கார்டு, தீமிதிக்கு பிளெக்ஸ், கூடவே ஃபேஸ்புக்ல போடறதுக்கு போஸ்டர், இப்படி ரங்கூன்ல நம்ம ஆளுங்களுக்கு லேஅவுட் பண்ணிக் குடுக்கறதுதான் எனக்கு வேலை. டிசைன் பத்தி எழுதுங்கன்னு சில தம்பிங்க கேட்டாங்க. எனக்கு டிசைனைவிட முக்கியமாப் படறது அதுக்கு முன்னாடி இருக்கற விஷயம், அதாவது நீங்க குடுக்கற படத்தோட ஃபைல். ஃபைல் நல்லா இருந்தா சுமாரான டிசைனர்கூட பார்க்கற மாதிரி ஒரு புக் போட்டுடலாம், ஃபைல் கெட்டுப்போய் வந்துச்சுன்னா எவ்வளவு பெரிய கைகாரர் உக்காந்தாலும் அதைத் தேத்த முடியாது, ஏன்னா ஒரு போட்டோவுல எவ்வளவு விவரம் இருக்குங்கறது கேமரா க்ளிக் ஆகற நேரத்துலயோ ஸ்கேனர் லைட் ஓடற நேரத்துலயோ முடிவாயிடுது, அதுக்கப்புறம் அந்த ஃபைல் ஒவ்வொரு கை மாறும்போதும் கொஞ்சம் கொஞ்சமா இழக்கத்தான் செய்யும், எங்கயும் விவரம் அதிகமாகப் போறதில்லை.

அதனால நான் நாள் பூரா கேக்கறது ஒண்ணே ஒண்ணுதான். ஒரிஜினல் ஃபைலைக் குடுங்க.

இங்க எல்லாரும் வைபர், மெசஞ்சர், டெலிகிராம்லதான் பேசிக்கறோம், அதனால போட்டோவும் அதுலயே வந்துடுது. "அண்ணே, இருவது போட்டோ போட்டுட்டேன், பாருங்க"ன்னு மெசேஜ் வரும். இப்ப இருக்கற சாதாரண போன்லயே 12 மெகாபிக்சல் கேமரா இருக்கு, அதாவது சுமாரா 4,000க்கு 3,000 பிக்சல் (படத்துல இருக்கற குட்டிக் குட்டிக் கலர்ப் புள்ளி). அதை அப்படியே குடுத்தீங்கன்னா 13 அங்குலத்துக்கு 10 அங்குலம் வரைக்கும் நல்ல அச்சு எடுக்கலாம், ஏ4 பக்கம் முழுசாப் போட்டாலும் தாங்கும். அதே போட்டோ சாட்ல போட்டோவாப் போகும்போது டேட்டாவ மிச்சம் பண்றதுக்காக அந்த ஆப்பே அதைச் சின்னதாக்கி, அமுக்கி அனுப்புது. நீளப்பக்கம் 1,600 பிக்சல்ல வந்து நின்னா அஞ்சு அங்குலத்துக்கு மேல அதைப் பெருசாக்க முடியாது. நாலு எம்பி இருந்தது 200 கேபியா வந்திருக்கும். கஷ்டம் என்னன்னா போன் ஸ்கிரீன்ல ரெண்டுக்கும் வித்தியாசமே தெரியாது, ஏன்னா போன் ஸ்கிரீனோட அகலமே பெரும்பாலும் 1,080 பிக்சல்தான், அதனால "என் போன்ல பளிச்சுனு இருக்கே, உங்க பிரஸ்லதான் கெடுத்துட்டாங்க"ன்னு மனத்தாங்கல் வந்துடுது. பிரஸ்ல யாரும் கெடுக்கலை.

செய்ய வேண்டியது சின்ன வேலைதான். அதே டெலிகிராம்லயும் வைபர்லயும் போட்டோவா அனுப்பாம ஃபைலா அனுப்பற வழி இருக்கு, அதுல போனா ஒரு பிக்சல்கூட குறையாது. இல்லன்னா கூகுள் டிரைவ்ல போட்டு லிங்க் குடுங்க. நெட் இழுக்கலைன்னா பென் டிரைவ்ல குடுத்து விடுங்க, போனையே எடுத்துட்டு வந்தீங்கன்னா வயர் மாட்டி நானே எடுத்துக்கறேன். ஃபேஸ்புக்ல இருக்கற போட்டோவ ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பறது மட்டும் வேண்டவே வேண்டாம், அது ஏற்கனவே அமுங்கினதை உங்க ஸ்கிரீன் சைசுக்கு மறுபடி வெட்டி எடுத்தது. அந்தப் போட்டோவ யார் எடுத்தாங்கன்னு கேட்டு அவங்ககிட்ட வாங்குங்க, பெரும்பாலும் நம்ம சொந்தக்காரப் பையன் ஒருத்தன்கிட்டதான் இருக்கும்.

இந்த 300 டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளிங்கற விஷயத்தையும் சொல்லிடறேன், ஏன்னா இதுலதான் ரொம்பப் பேர் குழம்பறாங்க. ஆஃப்செட் மிஷின் படத்தைப் புள்ளி புள்ளியாத்தான் அடிக்குது. வழவழன்னு இருக்கற ஆர்ட் பேப்பர்ல அங்குலத்துக்கு 150 வரி புள்ளி போடுவாங்க, அதுக்கு ரெண்டு மடங்கு பிக்சல் குடுத்தா போதும்ங்கற கணக்குலதான் 300 வந்துச்சு. நியூஸ்பிரிண்ட் மாதிரி சொரசொரப்பான பேப்பர்ல 85, 100 வரிதான், அங்க 200 இருந்தாலே தாராளம். அப்ப 300ங்கறது ஃபைலுக்குள்ள இருக்கற ஒரு தரம் கிடையாது, இத்தனை பிக்சலை இத்தனை அங்குலத்துல பரப்பறோம்ங்கற கணக்கு மட்டும்தான். ஃபோட்டோஷாப்ல போய் 72ன்னு இருந்ததை 300ன்னு மாத்தி டைப் பண்ணிட்டு "டிபிஐ ஏத்திட்டேன் அண்ணே"ன்னு சொல்றவங்க இருக்காங்க. அங்க ரீசாம்பிள்ங்கற டிக்கை எடுத்துட்டு மாத்தினா பிக்சல் அப்படியே இருக்கும், படத்துக்கு ஒண்ணும் ஆகாது. டிக் இருந்தா சாஃப்ட்வேர் இல்லாத பிக்சலைப் பக்கத்துல இருக்கறதைப் பார்த்து நிரப்பும், படம் பெருசாகும், தெளிவு வராது. நீங்க பார்க்க வேண்டியது பிக்சல் எண்ணிக்கையை மட்டும்தான், அதை 300ஆல வகுத்தா எத்தனை அங்குலம் போடலாம்னு வந்துடும். ஏ4 முழுப் பக்கம்னா 2,480க்கு 3,508, ஏ5ன்னா 1,748க்கு 2,480. பக்கத்தோட ஓரம் வரைக்கும் படம் ஓடணும்னா வெட்டறதுக்கு நாலு பக்கமும் 3 மில்லிமீட்டர் கூட வேணும், அப்ப ஏ4க்கு 2,551க்கு 3,579 ஆயிடும். அந்த 3 மில்லிமீட்டர்ல முகமோ எழுத்தோ வரக்கூடாது, அது கத்திக்குப் போற இடம்.

பிளெக்ஸுக்கு இந்தக் கணக்கு வேற. பத்தடிக்கு நாலடி பேனரை யாரும் கண்ணுக்குப் பக்கத்துல வச்சுப் பார்க்கறதில்லை, ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்னு பார்க்கறாங்க, 72 போட்டாலே போதும், அதுவே 8,640க்கு 3,456 பிக்சல் வருது. அதுக்கும் 300 போட்டு ஃபைலைக் குடுத்தீங்கன்னா கடைக்காரர் கம்ப்யூட்டர் திறக்கறதுக்குள்ள கரண்ட் போயிடும்.

இப்ப ஜேபெக் (JPEG) பத்தி, அதாவது போட்டோவ அமுக்கிச் சின்ன ஃபைலா சேமிக்கற முறை. 1992ல வந்த இந்த முறையிலதான் இன்னிக்கும் உலகத்துல ஏகப்பட்ட படம் ஓடுது, மோசமான முறை இல்லை, ஆனா எப்படி வேலை செய்யுதுன்னு தெரிஞ்சு பயன்படுத்தணும். படத்தை 8க்கு 8 பிக்சல் கட்டம் கட்டமாப் பிரிக்கும், ஒவ்வொரு கட்டத்துலயும் கண்ணு அதிகமா கவனிக்காத நுணுக்கத்தைத் தூக்கிப் போட்டுடும். வெளிச்சம் இருட்டைவிட கலரை நம்ம கண்ணு மொத்தமாத்தான் பார்க்குதுங்கறதால, கலரை பெரும்பாலும் நீளத்துலயும் அகலத்துலயும் பாதியாக்கித்தான் சேமிக்கும். நெத்தியில குங்குமம் வச்ச ஒரு முகத்தை எடுத்து 400 சதவீதம் பெருசாக்கிப் பாருங்க. ஒரிஜினல்ல பொட்டோட ஓரம் சுத்தமா இருக்கும், விரல் பட்ட இடத்துல ஒரு பக்கம் லேசாத் தீத்தியிருக்கறதுகூடத் தெரியும். நாலு பேர் கை மாறி வந்த ஃபைல்ல அந்தச் சிவப்பு ஓரத்தைத் தாண்டி சுத்தியிருக்கற தோல்ல கசிஞ்சிருக்கும், பொட்டைச் சுத்தி சின்னச் சின்ன சதுரம் தெரியும், விபூதிப் பட்டையோட மூணு கோடும் ஒண்ணா ஒட்டிப்போயிருக்கும். அச்சுல வந்தா அது அழுக்கு மாதிரித் தெரியும். வெள்ளையில சிவப்பு எழுத்து போட்ட போஸ்டரை ஜேபெக்கா சேவ் பண்ணினாலும் இதே கதிதான், தமிழ் எழுத்துல இருக்கற சுழி எல்லாம் தூசி பிடிச்ச மாதிரி ஆயிடும்.

ஒரே படத்தைத் திறந்து, கொஞ்சம் திருத்தி, ஜேபெக்காவே சேவ் பண்ணி, நாளைக்கு மறுபடி திறந்து திருத்தி சேவ் பண்ணினா ஒவ்வொரு தடவையும் இந்த வெட்டு விழும். அதனால ஒரிஜினலைத் தொடாம ஒரு ஃபோல்டர்ல வச்சிடுங்க, வேலைக்கு டிஃப் (TIFF) இல்லன்னா ஃபோட்டோஷாப்போட பிஎஸ்டி (PSD) காப்பி ஒண்ணு எடுத்துக்கங்க, எல்லாம் முடிஞ்சப்புறம் கடைசியா ஒரே ஒரு தடவை ஜேபெக் பண்ணுங்க. எழுத்து, கோடு, ஸ்கிரீன்ஷாட், மேப் இதெல்லாம் பிஎன்ஜில (PNG) போடுங்க, அதுல எதுவும் இழக்காது. ஆனா பிஎன்ஜில சிஎம்ஒய்கே (CMYK), அதாவது அச்சுக்கான நாலு மைக் கலர் முறை கிடையாது, அதனால பிரஸ்ஸுக்கு டிஃப்போ பிடிஎஃப்போதான் சரி. கோயில் லோகோ, சங்க முத்திரை மாதிரி இருக்கறதை ஒரு தடவை செலவு பண்ணி இங்க்ஸ்கேப்லயோ இல்லஸ்ட்ரேட்டர்லயோ வெக்டரா வரைஞ்சு வச்சுக்கங்க. வெக்டர்ல பிக்சலே இல்லை, கோட்டோட கணக்குதான் இருக்கு, விசிட்டிங் கார்டுக்கும் அதே ஃபைல், இருவது அடி பேனருக்கும் அதே ஃபைல். ஒவ்வொரு வருஷமும் பழைய பத்திரிகையிலேருந்து முருகனோட வேல், மயில் படத்தை ஸ்கேன் பண்ணி எடுத்துப் போட்டுப் போட்டு மயிலுக்குக் காலே இல்லாமப் போயிருக்கற முத்திரை எல்லாம் நான் பார்த்திருக்கேன்.

வேர்ட்ல ஒட்டி அனுப்பறவங்க அதிகம், குறிப்பா பள்ளிக்கூட டீச்சர்ங்க. கட்டுரையும் போட்டோவும் ஒரே ஃபைல்ல இருந்தா வசதின்னு நினைக்கறாங்க. வேர்ட் சேவ் பண்ணும்போது படத்தை வழக்கமா அங்குலத்துக்கு 220 பிக்சலுக்கு இறக்கிடும், ஆப்ஷன்ஸ்ல அட்வான்ஸ்டுக்குள்ள போனா படத்தை அமுக்க வேண்டாம்னு ஒரு டிக் இருக்கு, அதைப் போட்டுட்டு அப்புறம் ஒட்டுங்க. வேர்ட் ஃபைல் மட்டும்தான் கையில இருக்கு, ஒரிஜினல் கிடைக்காதுன்னா அதுக்கும் ஒரு வழி இருக்கு. டாக்எக்ஸ் ஃபைல்ங்கறது உள்ளுக்குள்ள ஒரு ஜிப் ஃபைல்தான், ஒரு காப்பி எடுத்து அதோட பேர் கடைசியில இருக்கற .docxஐ .zipனு மாத்திட்டுத் திறந்தா உள்ள வேர்ட்னு ஒரு ஃபோல்டர், அதுக்குள்ள மீடியான்னு ஒரு ஃபோல்டர், படம் எல்லாம் அங்க வரிசையா இருக்கும். பக்கத்துல சின்னதாத் தெரியற படம் அங்க பெருசா இருக்கறது அடிக்கடி நடக்கும்.

நான் அதிகமா நேரம் செலவு பண்றது பழைய போட்டோவுக்குத்தான், இந்த ஊர்ல அதுக்கு வேற ஒரு கனம் இருக்கு. 1942ல ஜப்பான்காரன் வந்தப்ப நடந்தே இந்தியா போனவங்க கையில என்னத்தை எடுத்துட்டுப் போயிருப்பாங்க, 1964ல கடைகளை அரசாங்கம் எடுத்துக்கிட்டப்ப கப்பல்ல ஏறினவங்க எதை விட்டுட்டுப் போனாங்க, 2008 நர்கீஸ் புயல்ல எத்தனை வீட்டுக் கூரை போச்சு, எத்தனை ஆல்பம் நனைஞ்சுச்சு. இதெல்லாம் தாண்டி ஒரு வீட்டுல தாத்தா போட்டோ ஒண்ணு மிஞ்சி இருக்குன்னா அதுக்கு நெகட்டிவ் கிடையாது, ரெண்டாவது காப்பி கிடையாது. ஒரு பெரியம்மா துணியில சுத்தி எடுத்துட்டு வந்தாங்க, கெட்டி அட்டையில ஒட்டின ஸ்டூடியோ போட்டோ, கண்ணாடி ஃபிரேம்ல இருந்தது. "தம்பி, இது எங்க தாத்தா, பாத்துப் பண்ணுப்பா, வேற இல்ல"ன்னாங்க. மழைக்கால ஈரத்துல போட்டோவோட மேல்பூச்சு கண்ணாடியிலயே ஒட்டியிருந்துச்சு, இடது தோள்பட்டைகிட்ட. இந்த மாதிரி இருந்தா பிரிக்கவே கூடாது, பிரிச்சா அந்தத் தோள்பட்டை கண்ணாடியோட வந்துடும். கண்ணாடியோடவே வச்சு எடுக்கணும்.

அதுக்கு ஜன்னல் வெளிச்சம் போதும், நேர் வெயில் வேண்டாம். போட்டோவ டேபிள்ல தட்டையா வச்சு, கேமராவ அதுக்கு நேர் மேல இணையா வைக்கணும், ஒரு பக்கம் சாஞ்சாலும் முகம் கோணும். ரொம்பக் கிட்ட போகாம கொஞ்சம் தள்ளி நின்னு ரெண்டு மடங்கு லென்ஸ்ல எடுங்க. கண்ணாடியில நம்ம சட்டையே தெரியும், அதனால கேமராவுக்குப் பின்னாடி கறுப்புத் துணி ஒண்ணைத் தொங்க விடணும், லென்ஸுக்கு மட்டும் ஓட்டை. ஒட்டாம சும்மா இருக்கற போட்டோன்னா ஸ்கேனர்ல போடலாம், கண்ணாடியை நல்லாத் துடைச்சுட்டு.

சின்னப் போட்டோவ அதே சைசுக்கு 300ல ஸ்கேன் பண்ணிட்டு பக்கம் முழுக்கப் போடணும்னா நடக்காது. ரெண்டுக்கு மூணு அங்குலப் படத்தை 600ல ஸ்கேன் பண்ணினா 1,200க்கு 1,800 பிக்சல், அது நாலுக்கு ஆறு அங்குலத்துக்குப் போதும். 1,200ல பண்ணினா எட்டுக்குப் பன்னெண்டு. அதுக்கு மேல ஏத்தினாலும் பேப்பரோட நார்தான் பெருசாத் தெரியும், முகத்துல புதுசா எதுவும் வராது. ஸ்கேனர் சாஃப்ட்வேர்ல தானா ஷார்ப் பண்றது, தூசி எடுக்கறது எல்லாத்தையும் அணைச்சிடுங்க, டிஃப்பா சேவ் பண்ணுங்க. கறுப்பு வெள்ளைப் போட்டோவா இருந்தாலும் கலர்லயே ஸ்கேன் பண்ணுங்க, இது ரொம்ப முக்கியம், ஏன்னா பழைய போட்டோவுல பிடிச்சிருக்கற மஞ்சள் கறை, பழுப்புக் கறை எல்லாம் நீலச் சேனல்லதான் (கலர் ஃபைல்ல இருக்கற சிவப்பு, பச்சை, நீலம்ங்கற மூணு அடுக்குல ஒண்ணு) கறுப்பா நிக்கும், சிவப்புச் சேனல்ல லேசாகிடும். அந்தச் சிவப்பை மட்டும் எடுத்து கறுப்பு வெள்ளை ஆக்கினா பாதிக் கறை தானாவே போயிடும், முகத்துல கை வைக்கவே வேண்டியதில்லை. பெரியம்மா கொண்டு வந்த படத்துல தாத்தாவோட தலைப்பாகை மடிப்பு வெறும் கண்ணுக்குக் கறைக்கு அடியில மறைஞ்சிருந்தது, சிவப்புச் சேனலைத் தனியாப் பார்த்தப்ப மடிப்பு மடிப்பா எழும்பி வந்துச்சு. அவங்க அதைப் பார்த்துட்டு ரொம்ப நேரம் பேசலை.

பழைய மலர்ல அச்சாகியிருக்கற படம்தான் இருக்குன்னா அது வேற சமாச்சாரம். அதுல ஏற்கனவே அச்சுப்புள்ளி இருக்கு, அதுமேல நம்ம அச்சுப்புள்ளி விழுந்தா கோலம் போட்ட மாதிரி அலை அலையா வரும். 600ல ஸ்கேன் பண்ணி, ஸ்கேனர்ல டிஸ்கிரீன்னு இருக்கறதை அங்க மட்டும் போட்டு, அப்புறம் சைசைக் குறைச்சு எடுங்க. பழைய புக்ல இருந்த அளவைவிடப் பெருசாப் போடாதீங்க.

இப்ப போன்ல ஒரு ஆப் வந்திருக்கு, மங்கலான முகத்தை அமுக்கினா பளிச்சுனு கண்ணு மூக்கோட குடுக்குது. எல்லாருக்கும் சந்தோஷமா இருக்கு. எனக்கு இதுல உடன்பாடே கிடையாது. கூட்டத்துல நிக்கற ஒரு முகம் முப்பது பிக்சல்தான் இருக்குன்னா அந்த ஆளோட கண்ணு எப்படி இருந்துச்சுங்கற தகவலே ஃபைல்ல இல்லை. அந்த ஆப் வேற ஆயிரக்கணக்கான முகத்தைப் பார்த்துப் பழகினது, அந்தப் பழக்கத்துல ஒரு கண்ணைச் செஞ்சு வைக்குது. அதை அப்படியே மலர்ல போட்டு கீழே உங்க தாத்தா பேரைப் போட்டா நாளைக்கு உங்க பேரப்பிள்ளைங்க அந்த முகத்தைத்தான் தாத்தான்னு நினைச்சு வளரும். கீறலை மறைக்கறது, கறை எடுக்கறது, வெளிச்சம் சரி பண்றது வரைக்கும் செய்யலாம். மங்கலா இருந்தா மங்கலாவே சின்னதாப் போடுங்க, அது அவர் முகம்.

அதே மாதிரி தோல் கலரை வெளுக்க வைக்கறது. "கொஞ்சம் செவப்பாக் காட்டுங்கண்ணே"ன்னு பொண்ணு போட்டோவுக்குக் கேக்கறாங்க, சில இடத்துல கேக்காமலே பண்ணியும் குடுக்கறாங்க. நான் செய்யறதில்லை. நம்ம நிறத்துல இருக்கற முகம் அச்சுல சாம்பல் பூத்த மாதிரி வர்றதுக்குக் காரணம் நிறம் கிடையாது, படத்துல வெளிச்சம் பத்தலை, அச்சுல சயான்ங்கற நீல மை கூடிப்போச்சு. எடுக்கும்போதே உச்சி வெயில்ல நிறுத்தாம மண்டபத்து நிழல் ஓரமா முகத்தை வெளிச்சத்துப் பக்கம் திருப்பி நிறுத்துங்க. லேஅவுட்ல நிழல் பகுதியைக் கொஞ்சம் திறந்து விட்டு சயானை இறக்கினா கறுப்பு முகம் தங்கம் மாதிரி வரும். பேப்பர்ல மை பரவி எப்பவும் ஸ்கிரீன்ல பார்த்ததைவிட இருட்டாத்தான் விழும், அதுவும் ஆர்ட் பேப்பர் இல்லாத சாதாப் பேப்பர்ல இன்னும் அதிகம்.

கலர் விஷயத்துக்கு வர்றேன். கொன்ஸேடான் தெருவுல இருக்கற காளி கோயிலை எல்லாரும் பார்த்திருப்பீங்க, 1871ல தமிழாளுங்க கட்டினது. அந்தக் கோபுரத்தை போன்ல எடுத்தா ஸ்கிரீன்ல நீலம் பச்சை ரோஸ் எல்லாம் கண்ணைப் பறிக்கும். அச்சுல அந்த நீலம் ஊதாவா வரும், மயில் பச்சை செத்துப்போகும், பட்டுப்புடவை ராணி பிங்க் மங்கிடும். ஸ்கிரீன் வெளிச்சத்தால கலர் காட்டுது, பேப்பர்ல சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்புன்னு நாலு மை, அந்த நாலை எப்படிக் கலந்தாலும் வராத கலர் நிறைய இருக்கு. அதை அச்சுக்கு அப்புறம் கண்டுபிடிக்கறதைவிட முதல்லயே சிஎம்ஒய்கேக்கு மாத்திப் பார்த்துட்டு நாமளே சரி பண்ணிக்கறது நல்லது. நீலம் ஊதாவாப் போகுதுன்னா மெஜந்தாவக் குறைங்க, சயானைவிட முப்பது சதவீதமாவது கம்மியா இருக்கணும். தங்கக் கலர் நாலு மையில வரவே வராது, மஞ்சப் பழுப்பாத்தான் வரும், பத்திரிகையில தங்கம் வேணும்னா ஃபாயில் போடணும் இல்லன்னா தனியா மெட்டாலிக் மை ஓட்டணும், ரெண்டுக்கும் காசு ஆகும். காரியக் கார்டுல பக்கம் முழுக்கக் கறுப்பு வேணும்னு நாலு மையையும் நூறு நூறு போடாதீங்க, மொத்தம் 300 சதவீதத்தைத் தாண்டினா மை காயாது, அடுத்த தாளோட முதுகுல ஒட்டிக்கும்.

எழுத்து விஷயத்துல இந்த ஊர்ல நமக்கு ரெட்டைத் தலைவலி. ஒரே பத்திரிகையில தமிழ், பர்மீஸ், இங்கிலீஷ் மூணும் வரணும். பர்மீஸ்ல பல வருஷமா யூனிகோடுங்கற பொது எழுத்து முறைக்கு ஒத்துவராத ஸோஜி ஃபான்ட்டை ஓட்டினோம், 2019 அக்டோபர் 1லேருந்து நாடே யூனிகோடுக்கு மாறுச்சு, ஆனா பழைய கம்ப்யூட்டர்ல பழைய ஃபைல் இன்னும் இருக்கு. ஸோஜியில அடிச்சதை யூனிகோடு ஃபான்ட்ல திறந்தா எழுத்து தாறுமாறா மாறிடும். தமிழுக்கோ பழைய ஃபோட்டோஷாப்ல கொம்பு இடம் மாறி நிக்கும், கோயில்னு அடிச்சா கொம்பு ககரத்துக்குப் பின்னாடி போய் உக்காந்துக்கும். புது ஃபோட்டோஷாப்ல டைப் செட்டிங்ல தெற்காசிய எழுத்துக்கான ஆப்ஷன் இருக்கு, இன்டிசைன்ல வேர்ல்டு ரெடி கம்போசர் இருக்கு, அதைப் போட்டா சரியா வரும். பிரஸ்ல இருக்கறவங்க பர்மாக்காரங்க, தமிழ் படிக்கத் தெரியாது, எழுத்து உடைஞ்சாலும் அவங்களுக்குத் தெரியாது, அவங்க மேல தப்பு சொல்ல முடியாது. அதனால பிரஸ்ஸுக்குப் போற ஃபைல்ல எழுத்தை எல்லாம் அவுட்லைனா, அதாவது ஃபான்ட் தேவைப்படாத வெக்டர் கோடா மாத்தி அனுப்புங்க, திருத்தறதுக்கு ஒரு காப்பி உங்ககிட்ட இருக்கட்டும். சின்ன எழுத்து கறுப்புன்னா கறுப்பு மை மட்டும் 100 போடணும், நாலு மையிலயும் கலந்து போட்டா தாள் ஒரு மயிரிழை நகர்ந்தாலும் ஒவ்வொரு எழுத்துக்கும் சிவப்பு நீல நிழல் விழும், ஏழு பாயிண்ட் எழுத்துல முகூர்த்த நேரமே படிக்க முடியாது. எழுத்தைப் போட்டோவோட சேர்த்து ஒட்டி ஒரே ஜேபெக்கா பிரஸ்ஸுக்குக் குடுக்கறதும் இதே மாதிரிக் கெடுதல்தான்.

ஆன்லைனுக்கு வந்தா கணக்கு தலைகீழ். விபிஎன் போட்டு மெதுவாத் திறக்கற ஃபேஸ்புக்ல, எண்ணி எண்ணிப் போடற டேட்டாவுல, பத்து எம்பி போஸ்டரை யார் திறப்பாங்க. அச்சுக்குப் பண்ணின அதே ஒரிஜினல்லேருந்து தனியா ஒரு காப்பி எடுங்க, ஸ்கிரீனுக்கான கலர் முறையான எஸ்ஆர்ஜிபில (sRGB) இருக்கணும், சிஎம்ஒய்கே ஜேபெக்கை அப்படியே ஏத்தினா சில போன்ல கலர் வினோதமா வரும். ஃபேஸ்புக்குக்கு நீளப்பக்கம் 2,048 பிக்சல் நல்லா எடுத்துக்குது, வெப்சைட்ல கட்டுரைக்குள்ள வர்ற படம்னா 1,200 அகலம் போதும், ஜேபெக் தரம் 80 பக்கத்துல வச்சா 200 கேபிக்குள்ள வந்துடும், வெப்பிங்கற (WebP) ஃபைல் முறையில போட்டா இன்னும் குறையும். ஸ்குவூஷ்னு (Squoosh) ஒரு வெப்சைட் இருக்கு, காசு கிடையாது, இடது பக்கம் ஒரிஜினல் வலது பக்கம் அமுக்கினதுன்னு கோட்டை நகர்த்தி நகர்த்திப் பார்த்துக்கலாம். சைஸ் குறைச்சதுக்கு அப்புறம் லேசா ஷார்ப் பண்ணுங்க, முன்னாடி பண்ணினா வீண். ஐபோன்காரங்க அனுப்பற ஹெய்க் (HEIC) ஃபைல் நிறைய கம்ப்யூட்டர்ல திறக்காது, ஜேபெக்கா மாத்தி அனுப்பச் சொல்லுங்க. போட்டோவுக்குள்ள எடுத்த இடம், நேரம் எல்லாம் எழுதியிருக்கும், வெளியில போடற காப்பியில இடத்தை அழிச்சிடுங்க, வீட்டு போட்டோன்னா கட்டாயம். போஸ்டருக்குள்ள இருக்கற தேதி, நேரம், இடத்தை போஸ்ட்லயும் எழுத்தா அடிங்க, கண்ணு தெரியாதவங்க போன் படிச்சுக் காட்டறதுக்கும், தேடறவங்களுக்குக் கிடைக்கறதுக்கும் அதுதான் வழி.

ஃபைலுக்குப் பேர் வைக்கறதைப் பத்தி யாரும் கேக்கறதே இல்லை, நானே சொல்றேன். ஐஎம்ஜி 2034னு இருந்தா அதுல யார் இருக்காங்கன்னு பத்து வருஷம் கழிச்சு யாருக்குத் தெரியும். வருஷம், ஊர், விழா போட்டுப் பேர் வைங்க. கூடவே ஒரு நோட்பேட் ஃபைல்ல இடமிருந்து வலமா யார் யாருன்னு அடிச்சு வைங்க, தெரியாத இடத்துல கேள்விக்குறி போட்டு விட்டுட்டு வயசானவங்ககிட்ட போனைக் காட்டிக் கேளுங்க. மோல்மேன்லயும் தட்டோன்லயும் இருக்கற பாட்டிங்ககிட்ட வீடியோ கால்ல காட்டி வாங்கின பேருங்க எங்க போன மலர்ல நிறைய இருக்கு. ஒரிஜினலை கம்ப்யூட்டர்ல ஒண்ணு, வெளி டிரைவ்ல ஒண்ணு, இந்த ஊர்ல இல்லாத ஒரு சொந்தக்காரர்கிட்ட ஒண்ணுன்னு மூணு இடத்துல வைங்க. கரண்ட் டக்குனு போற நேரத்துல ஃபைல் எழுதிக்கிட்டு இருந்தா டிரைவே போயிடும், யூபிஎஸ் இல்லாம காப்பி போடாதீங்க.

எல்லாம் முடிஞ்சு பிடிஎஃப் போட்டப்புறம் பிரஸ் ஸாயாகிட்ட (பர்மீஸ்ல மாஸ்டர்) ஒரே ஒரு தாள் முன்மாதிரி கேளுங்க, புக் எந்தப் பேப்பர்ல வரப்போகுதோ அதே பேப்பர்ல. டிஜிட்டல் பிரிண்டர்ல எடுத்துக் குடுத்தா மை கொஞ்சம் வித்தியாசம் இருக்கும், அதையும் கேட்டுத் தெரிஞ்சுக்கங்க. டியூப்லைட்டுல பார்க்காதீங்க, வாசல்ல பகல் வெளிச்சத்துல கொண்டு போய்ப் பாருங்க. முதல்ல முகங்களைப் பாருங்க, அப்புறம் கொம்பு, கால், புள்ளி எல்லாம் இடத்துல இருக்கான்னு ஒவ்வொரு தமிழ் எழுத்தாப் படிங்க, பர்மீஸ் தெரிஞ்ச ஒருத்தரை பர்மீஸ் பகுதியைப் படிக்கச் சொல்லுங்க, ஓரத்துல வெட்டு எங்க விழும்னு ஸ்கேல் வச்சுப் பாருங்க. அதுக்கப்புறம் கையெழுத்துப் போட்டுக் குடுங்க.